ஒற்றை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு குடும்பம்: கோயாவின் ஓவியம் ஒன்றைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

மேசை மேல் ஒரே ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது. சுற்றிலும் சீட்டுகள் பரப்பிக் கிடக்கின்றன. வயதான ஒருவர் எதிராளி இல்லாமல் தனியாக ஆடிக்கொண்டிருக்கிறார். மேசைக்கு அந்தப் பக்கம், படத்தின் நட்டநடுவில், வெள்ளை உடுப்பில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நிற்பவர் அவருக்குத் தலை வாரிவிடுகிறார். இரண்டு பணிப்பெண்கள் கையில் சாமான்களோடு வருகிறார்கள். ஆயா கையில் கைக்குழந்தை. வலது ஓரத்தில் நாலைந்து ஆண்கள் சும்மா நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் தலையில் வெள்ளைத் துணி கட்டியிருக்கிறார். நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார். இடது மூலையில் தாழ்வான ஆசனத்தில் குனிந்து உட்கார்ந்து ஒருவர் படம் வரைகிறார். அவர் என்னதான் வரைகிறார் என்று ஒரு சின்னப் பெண் தலையை நீட்டி எட்டிப் பார்க்கிறாள்.

சாப்பாடு முடிந்து படுக்கப் போகுமுன் எந்த வீட்டிலும் காணக்கூடிய காட்சி. ஆனால் சீட்டாடும் மனிதர் ஸ்பெயின் மன்னர் மூன்றாம் கார்லோஸின் உடன்பிறந்த தம்பி, இன்ஃபாந்தே தோன் லூயிஸ் தெ போர்போன். இன்ஃபாந்தே என்பது பட்டத்து இளவரசர் அல்லாத மன்னர் மகனுக்கு அங்கே வழங்கும் பெயர். தலை வாரிக்கொள்பவர் அவருடைய மனைவி மரியா தெரேசா தெ வல்யாப்ரிகா. மூலையில் குனிந்திருப்பவர் பிரான்சிஸ்கோ கோயா, இந்தப் படத்தை வரைந்தவரே.

1784-ஐ ஒட்டி வரைந்தது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். உயரம் சுமார் 2.5 மீட்டர், அகலம் சுமார் 3.3 மீட்டர். ஆட்கள் ஏறக்குறைய முழு அளவில் இருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால், ஓவியரையும் கைக்குழந்தையையும் சேர்த்துப் 14 பேர்.

ஒரு மன்னரின் தம்பியை, அதுவும் 18-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில், இப்படி வீட்டுக் கோலத்தில், வேலைக்காரர்கள் சூழ, இவ்வளவு பெரிய திரையில் ஏன் வரைந்தார்கள்? இந்த ஆய்வு எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். கோயா புதுமை விரும்பி, அதனால் இப்படி வரைந்தார் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அது போதவில்லை. இந்தப் படத்தில் இருக்கும் சாதாரணத்தன்மைக்கு ஒரு சட்டம் காரணம். அந்தச் சட்டத்தைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படம் வேறு மாதிரித் தெரியும்.

எட்டு வயதில் கார்டினல்

தோன் லூயிஸ் 1727-ல் மாட்ரிட்டில் பிறந்தார். தந்தை ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் பிலிப், தாய் இசபெல் பார்னேஸ். தன் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் பிடித்துத் தருவதில் அந்த அம்மா கெட்டிக்காரர். மூத்த மகன் கார்லோஸுக்கு நேப்பிள்ஸ் கிடைத்தது. அடுத்தவர் பிலிப்புக்குப் பின்னால் பார்மா கிடைத்தது. கடைசி மகனுக்குக் கொடுக்க நாடு இல்லை, கத்தோலிக்கத் திருச்சபையைக் கொடுத்தார்கள். 1735-ல், எட்டு வயதில், தோன் லூயிஸ் தொலேதோவின் பேராயர் பொறுப்புக்கும் கார்டினல் பதவிக்கும் வந்தார். ஸ்பெயினிலேயே அதிக வருமானமுள்ள சபைப் பதவி அது. சிறுவனுக்கு விருப்பமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வளர்ந்து ஆளானதும் அவரே பதில் சொன்னார். 1754-ல், 27 வயதில், சபைப் பதவிகளைத் துறந்தார். அப்புறம் அவர் வாழ்ந்தது வேட்டை, இசை, ஓவியம், பறவைகளும் விலங்குகளும் நிறைந்த அரும்பொருள் சேகரிப்பு என்று. பெண்கள் விஷயத்திலும் பேச்சு அடிபட்டது. அந்தப் பேச்சுக்கு விலை கொடுத்தவர் அவருடைய ஓவியர் லூயிஸ் பாரெட். இளவரசருக்குப் பெண்களை ஏற்பாடு செய்துகொடுத்தார் என்ற குற்றச்சாட்டில் 1775-ல் அவரைப் புவேர்ட்டோ ரீக்கோ தீவுக்கு நாடு கடத்தினார்கள். கோயாவின் காலத்து ஸ்பானிய ஓவியர்களில் கோயாவுக்கு அடுத்து யார் என்று கேட்டால் நான் பாரெட்டைத்தான் சொல்வேன். மூன்று ஆண்டு கழித்துத் திரும்ப விட்டார்கள், ஆனால் தலைநகர் பக்கம் வரக் கூடாது என்றார்கள். பில்பாவோவில் இருந்துகொண்டு வரைந்தார். இளவரசர் செய்த தப்புக்கு ஓவியர் தண்டனை அனுபவித்தார்; இந்தக் கதை முழுக்க இதே போன்ற நியாயம்தான்.

தம்பிக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டால் ஊர் வாய் அடங்கும் என்று அரண்மனை நினைத்தது. ஆனால் எந்தப் பெண், எந்தத் தகுதியில் என்பதில்தான் சிக்கல்.

1776: ஒரு சட்டம், ஒரு கல்யாணம்

ஐந்தாம் பிலிப் 1713-ல் கொண்டுவந்த வாரிசு ஒழுங்கில் ஒரு நிபந்தனை இருந்தது: அரியணை ஏறுபவர் ஸ்பெயினில் பிறந்து வளர்ந்தவராக இருக்க வேண்டும். மூன்றாம் கார்லோஸ் நேப்பிள்ஸில் மன்னராக இருந்து, 1759-ல்தான் ஸ்பெயினுக்கு வந்தவர். அவருடைய மகன், பிற்பாடு நான்காம் கார்லோஸ் ஆனவர், நேப்பிள்ஸ் பக்கத்தில் போர்த்திசியில் 1748-ல் பிறந்தவர். சட்டத்தை எழுத்துக்கு எழுத்துப் படித்தால் அவருடைய உரிமையை யாராவது கிளறலாம். தம்பி தோன் லூயிஸோ மாட்ரிட்டில் பிறந்தவர். அவருக்குச் சம அந்தஸ்துள்ள ஓர் இளவரசியோடு கல்யாணமாகி, ஸ்பெயின் மண்ணில் ஆண் பிள்ளைகளும் பிறந்துவிட்டால்? மன்னரின் தூக்கத்தைக் கெடுக்க இது போதும்.

1776 மார்ச் 23-ஆம் தேதி மூன்றாம் கார்லோஸ் ஒரு திருமணச் சட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகள் பெற்றோர் சம்மதம் இல்லாமல் கல்யாணம் செய்யக் கூடாது, அரச குடும்பத்தார் மன்னரின் சம்மதம் பெற வேண்டும் என்பது அதன் சாரம். அந்தஸ்து குறைந்த இடத்தில் கல்யாணம் செய்தால், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கணவரின் பட்டமும் சின்னமும் உரிமைகளும் கிடையாது. சட்டம் நாட்டுக்கெல்லாம் பொது. ஆனால் அடுத்த சில வாரங்களில் என்ன நடந்தது என்று பார்த்தால், யாரை மனதில் வைத்து எழுதினார்கள் என்பது தெரிந்துவிடும்.

அதே ஆண்டு ஜூன் மாதம், தொலேதோ அருகே ஒலியாஸ் என்ற சிற்றூரில் தோன் லூயிஸுக்கும் மரியா தெரேசாவுக்கும் கல்யாணம் நடந்தது. பெண் அரகோன் பகுதிப் பிரபு குடும்பத்தைச் சேர்ந்தவர். நல்ல குடும்பம், ஆனால் அரச ரத்தம் இல்லை. மாப்பிள்ளையைவிட 30 வயதுக்கு மேல் இளையவர். மன்னர் அனுமதி கொடுத்தார், சட்டம் சொன்ன நிபந்தனைகளோடு. மனைவி அரண்மனைக்கு வர முடியாது. தோன் லூயிஸ் அண்ணனைப் பார்க்க வேண்டுமானால் தனியாக வரலாம். பிறக்கப் போகும் பிள்ளைகள் போர்போன் என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது, அம்மாவின் குடும்பப் பெயரே போதும்.

அதனால் குடும்பம் தலைநகரைவிட்டு விலகியது. ஓரிரு ஊர்கள் மாறி, கடைசியில் ஆவிலா பகுதியில், கிரேதோஸ் மலையடிவாரத்தில் இருக்கும் அரேனாஸ் தெ சான் பெத்ரோவில் குடியேறினார்கள். அங்கே ஓர் அரண்மனையும் கட்ட ஆரம்பித்தார்கள். அது முழுசாகக் கட்டி முடிக்கப்படவே இல்லை, இன்றைக்கும் பாதியில் நிற்கிறது.

ஊர் சின்னதுதான், ஆனால் வீட்டில் ஆள் அரவத்துக்குக் குறைவில்லை. இத்தாலியின் லூக்காவில் பிறந்த செல்லோ கலைஞர் பொக்கெரினி 1770 முதல் தோன் லூயிஸிடம் வேலை பார்த்தவர். எஜமானரோடு அவரும் வந்தார். 1780 வாக்கில், இந்த மலையூரில் இருந்துகொண்டு, மாட்ரிட் தெருக்களின் இரவுச் சத்தங்களை ஒரு ஐங்கருவி இசையாக எழுதினார்: தேவாலய மணி, படைவீரர் முரசு, குருட்டுப் பிச்சைக்காரர்களின் ஆட்டம், ஜெபமாலை, கடைசியில் காவல்படை தூரத்தில் நடந்து மறைகிற ஓசை. மாட்ரிட்டுக்குக் குடும்பத்தோடு போக முடியாத ஒருவர் வீட்டுக்கு எழுதிய இசை இது. இதைக் கேட்டுவிட்டுக் கோயாவின் படத்தைப் பாருங்கள் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கூடத்தில் அவர்கள் எதற்காக ஏங்கியிருப்பார்கள் என்பது காதில் விழும்.

மலையூரில் கோயா

1783-ல் கோயாவுக்கு வயது 37. அரச நெசவாலைக்கு, திரைச்சீலைகளில் நெய்வதற்கான மாதிரிப் படங்களை 1775 முதல் வரைந்துகொண்டிருந்தார்: பிக்னிக் போகிறவர்கள், காற்றாடி விடுகிறவர்கள், சந்தைக் கடைக்காரர்கள். அந்த ஆண்டு முதலமைச்சர் ஃபுளோரிதாபிளாங்காவின் உருவப்படத்தையும் வரைந்திருந்தார். பெரிய இடத்துக் கதவுகள் அப்போதுதான் லேசாகத் திறக்கின்றன. மன்னரின் ஓவியர் என்ற பதவி கிடைக்க இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன.

1783 ஆகஸ்ட் கடைசியில் அரேனாஸுக்குப் போனார். அங்கே எப்படி வேலை செய்தார் என்பதற்கு இரண்டு சின்னப் படங்கள் சாட்சி. ஒன்று மரியா தெரேசாவின் பக்கவாட்டு முகம். 1783 ஆகஸ்ட் 27-ஆம் தேதி, காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் கோயா வரைந்தது என்று அதில் எழுதியிருக்கிறது. ஒரு மணி நேரம்! இன்னொன்று தோன் லூயிஸின் பக்கவாட்டு முகம், செப்டம்பர் 11, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு. மனைவிக்கு ஒரு மணி, கணவருக்கு மூன்று மணி. வீட்டுக்காரர்களுக்கு அது பெரிய அதிசயமாக இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடிகாரம் பார்த்து மணிக்கணக்கை எழுதி வைத்திருக்க மாட்டார்கள். காலை வேளையில், ஓவியர் பக்கத்தில் உட்கார்ந்து வேகவேகமாகத் தீட்ட, வீட்டார் சுற்றி நின்று வேடிக்கை பார்த்த காட்சியை அந்த ஒற்றை வரியில் காணலாம். குடும்பப் படத்தில் தோன் லூயிஸ் அதே பக்கவாட்டுத் தோற்றத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அந்த மூன்று மணி நேரப் படம் இதற்கு முன்தயாரிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளையும் தனித்தனியாக வரைந்தார். மகன் லூயிஸ் மரியா நீல உடையில், கையில் கவராயத்தோடு, வரைபடத்தின் பக்கத்தில் நிற்கிறான். மூத்த மகள், அம்மாவின் பெயரையே கொண்ட மரியா தெரேசா, இரண்டே முக்கால் வயதில் பெரிய மனுஷி போல உடுத்தி, ஒரு வெள்ளை நாய்க்குட்டி பக்கத்தில் இருக்க, பின்னால் மலை தெரிய நிற்கிறாள். இந்தப் படம் இப்போது வாஷிங்டன் தேசியக் காட்சிக்கூடத்தில் இருக்கிறது.

ஊர் திரும்பியதும் செப்டம்பர் 20-ஆம் தேதி தன் பால்ய நண்பர் மார்ட்டின் சபதேருக்குக் கோயா ஒரு கடிதம் எழுதினார். வேறு ஓவியர்கள் வந்து முயன்று சரிவராத இடத்தில் தன் படங்களுக்கு எதிர்பாராத பாராட்டுக் கிடைத்தது என்கிறார். இரண்டு முறை இளவரசரோடு வேட்டைக்குப் போனாராம். ஒரு மாதம் அவர்களோடேயே இருந்தேன், தேவதைகள் மாதிரியான மனிதர்கள் என்று உருகுகிறார். சம்பாவனை ஆயிரம் துரோ. அதற்கு மேல், தன் மனைவிக்கு வெள்ளியும் தங்கமும் இழைத்த ஓர் அங்கி. அதன் மதிப்பு 30,000 ரெயால் என்று அங்குள்ள உடுப்பறைக்காரர்கள் சொன்னார்களாம். ஒரு துரோவுக்கு 20 ரெயால், ஆக ரொக்கம் 20,000 ரெயால். ஓவியருக்குக் கொடுத்த பணத்தைவிட அவர் மனைவிக்குக் கொடுத்த துணிக்கு மதிப்பு அதிகம்! விலையை உடுப்பறை வேலையாட்களிடம் விசாரித்துக்கொண்டதும், அதை மறைக்காமல் நண்பனுக்கு எழுதியதும் எனக்கு மிகவும் பிடித்த இடம். இந்த வீட்டில் கோயா விருந்தாளியாகவும் இருந்தார், வேலையாட்களோடு உட்கார்ந்து பேசுகிறவராகவும் இருந்தார். படத்தில் வேலையாட்களின் முகங்கள் அத்தனை தெளிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அடுத்த ஆண்டு மறுபடியும் போனார்.

படத்துக்குள்

தோன் லூயிஸ் இடம்பெற்ற இன்னொரு குடும்பப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். 1743-ல் பிரெஞ்சு ஓவியர் வான் லூ வரைந்த ஐந்தாம் பிலிப்பின் குடும்பம், இப்போது மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 4 மீட்டர், அகலம் 5 மீட்டருக்கு மேல். பிரம்மாண்டமான தூண்கள், தொங்கும் பெரிய திரை, மேல்மாடத்தில் இசைக் கலைஞர்கள், பட்டும் சரிகையும், ஒரு மெத்தையில் கிரீடம். அதில் பதினாறு வயதுத் தோன் லூயிஸும் இருக்கிறார். மன்னர் குடும்பம் என்றால் எப்படி வரைய வேண்டும் என்பதற்கு அந்தக் காலத்து இலக்கணம் அது.

நாற்பது ஆண்டு கழித்து, அதே மனிதரின் சொந்தக் குடும்பத்தை அந்த இலக்கணப்படி வரைய முடியாது. அவர் மனைவிக்கு அரச சின்னம் இல்லை. பிள்ளைகளுக்கு அவர் பெயரே இல்லை. தூணும் கிரீடமும் வைத்து வரைந்தால் சட்டத்தை மீறியது போல ஆகும், வரைந்தவருக்கும் ஆபத்து. பாரெட்டுக்கு என்ன ஆயிற்று என்பது கோயாவுக்குத் தெரியாததா? அரச குடும்பம் என்று காட்ட வழியில்லாத இடத்தில் மிச்சம் இருப்பது குடும்பம் மட்டும்தான். அந்த மிச்சத்தை எடுத்து, அரச படத்துக்குரிய அளவில் கோயா வரைந்துவிட்டார். நான் இந்தப் படத்தில் காண்கிற துணிச்சல் இதுதான்.

நடுவில் இருப்பது யார் என்று பாருங்கள். தோன் லூயிஸ் அல்ல. சட்டம் எந்தப் பெண்ணை அரண்மனை வாசல் ஏறாதே என்றதோ, அந்தப் பெண் படத்தின் மையத்தில், நேர் எதிராக, முழு வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறார். மற்றவர்கள் எல்லாரும் அவரைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறார்கள். கணவர் பக்கவாட்டில் திரும்பி, நாணயத்தில் பொறித்த தலை மாதிரி இருக்கிறார். அப்பாவுக்குப் பின்னால் மகன், அவனும் அதே பக்கவாட்டில். ஒரே அச்சில் வார்த்த இரண்டு முகங்கள். பெயரைத்தான் சட்டத்தால் எடுக்க முடியும், மூக்கை என்ன செய்ய முடியும்?

பெரிய வீட்டுப் பெண்கள் தலை வாரிக்கொள்ளும்போதே ஆட்களைச் சந்திப்பது அந்தக் காலத்து ஐரோப்பிய வழக்கம். ஆனால் அது காலை வேளைச் சடங்கு. இங்கே மெழுகுவர்த்தி எரிகிறது, இரவு. விருந்துக்குக் கிளம்பும் அலங்காரம் இல்லை இது. நாள் முழுக்கக் கட்டி வைத்திருந்த தலையை அவிழ்த்து, படுக்கப் போகுமுன் வாரிவிடுகிறார்கள் என்றே எனக்குப் படுகிறது. வாரிவிடுபவரின் பெயர் சாந்தோஸ் காந்தியா. ஆயாவின் பெயர் இசித்ரா ஃபுவெந்தெஸ் என்கிறார்கள். அவர் கையில் இருப்பது 1783-ல் பிறந்த கடைக்குட்டி மரியா லூயிசா. வலப்பக்கத்து ஆண்களுக்கும் பெயர்கள் சொல்லப்படுகின்றன. எந்தப் பெயர் எந்த முகத்துக்கு என்பதில் ஆய்வாளர்களிடையே இழுபறி உண்டு; அவர்களில் ஒருவர் பொக்கெரினிதான் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்கில் நான் இறங்கவில்லை. அவர்களை ஓரமாக இருட்டில் தள்ளாமல், எஜமானர் அளவுக்கே பெரிதாக, ஆளுக்கு ஒரு முகபாவத்தோடு கோயா நிறுத்தியிருக்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

அந்தச் சிரிக்கும் மனிதர். ஒவ்வொரு தடவை இந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதும் அவரிடம்தான் போய் நிற்கிறேன். தலையில் வெள்ளைக் கட்டு. ஏன் கட்டியிருக்கிறார், அடிபட்டதா, விக்கைக் கழற்றிவிட்டுக் கட்டிக்கொண்டதா, தெரியாது. படத்தில் இத்தனை பேர் இருக்க, நம்மைப் பார்த்து வாய்விட்டுச் சிரிப்பவர் அவர் ஒருவர்தான். வாசலில் வந்து நிற்கும் புது ஆளைப் பார்த்து, உள்ளே வாங்க, இங்கே இப்படித்தான் என்று சொல்லும் சிரிப்பு. அரச குடும்பப் படங்களில் இப்படி ஒரு சிரிப்பை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

இந்தப் படத்தைச் சோகப் படமாக வாசிப்பவர்கள் உண்டு. சீட்டாட்டத்தைக் குறி பார்ப்பதாக எடுத்துக்கொண்டு, வரப்போகும் மரணத்தை அதில் காண்கிறார்கள். தோன் லூயிஸ் மறு ஆண்டே இறந்துவிட்டார் என்பது நமக்குத் தெரியும், அதனால் அப்படித் தோன்றுகிறது. அவர் முகத்தில் களைப்பு இருப்பது உண்மைதான். ஆனால் அங்கே நிற்பவர்களுக்கு அடுத்த ஆண்டு தெரியாது. ராத்திரி, குளிர்காலம் நெருங்கும் மலையூர், வெளியே போக இடமில்லை, சீட்டை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கு மேல் நான் ஏற்றிச் சொல்ல மாட்டேன்.

இனி அந்த மூலை. கோயா 1778-ல், முந்தைய நூற்றாண்டின் ஸ்பானிய அரசவை ஓவியர் வெலாஸ்கெஸின் ஓவியங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்செடுத்தவர். அவருடைய புகழ்பெற்ற அரச குடும்பப் படமான லாஸ் மெனினாஸும் அதில் ஒன்று. 1656-ல் வரைந்த அந்தப் படத்தில், வெலாஸ்கெஸ் இடப்பக்கம் பெரிய திரைக்கு முன்னால் நிமிர்ந்து நின்று நம்மைப் பார்க்கிறார். அதே இடப்பக்கத்தைத்தான் கோயாவும் எடுத்துக்கொண்டார், ஆனால் நிமிர்ந்து நிற்கவில்லை. தாழ்வாகக் குந்தி, முதுகைப் பாதி நமக்குக் காட்டி, நிழலில் இருக்கிறார். வீட்டு வேலையாட்களின் தலைகள் எல்லாம் அவர் தலைக்கு மேலே இருக்கின்றன. பவ்யம் என்று இதைச் சொல்லலாம். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. அவர் உட்கார்ந்திருக்கும் கோணத்திலிருந்து பார்த்தால், நாம் பார்க்கும் இந்தக் காட்சி அவருக்குத் தெரியாது, பக்கவாட்டிலிருந்துதான் தெரியும். ஆகவே அங்கே அவர் வரைந்துகொண்டிருப்பது நம் கண் முன்னால் இருக்கும் படமாக இருக்க முடியாது. அந்தத் திரையில் இருப்பதைப் பார்க்க முடிந்த ஒரே ஆள், எட்டிப் பார்க்கும் அந்தச் சிறுமி. மற்ற 12 பேருக்கும் அவர் என்ன செய்கிறார் என்பதில் அக்கறை இருப்பதாகவே தெரியவில்லை. குழந்தைக்கு மட்டும் தாங்கவில்லை. இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து, கழுத்தை நீட்டி... யார் வீட்டில் யார் உட்கார்ந்து எழுதினாலும் வரைந்தாலும் குழந்தைகள் இப்படித்தான் வந்து நிற்கும்.

அப்புறம்

தோன் லூயிஸ் 1785 ஆகஸ்ட் 7-ஆம் தேதி அரேனாஸில் இறந்தார். படம் காய்ந்து ஓராண்டுகூட ஆகியிருக்காது. மன்னர் அண்ணன் உடனே செய்தது, பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்தது. மூவரையும் தொலேதோவுக்குக் கொண்டுபோனார்கள். எட்டு வயது லூயிஸ் மரியா பேராயரின் பொறுப்பில் வளர்ந்தான். இரண்டு பெண்களையும் சான் கிளெமெந்தே கன்னியர் மடத்தில் விட்டார்கள். ஒருத்திக்கு வயது நாலு, இன்னொருத்திக்கு இரண்டு. ஆயாவின் கையில் இருந்த அந்தக் குழந்தை, அம்மா மடியில் வளராமல் மடத்தில் வளர்ந்தது. படத்தில் மூன்று பிள்ளைகளையும் அம்மாவோடு ஒரே கூரையின் கீழ் பார்க்கிறோம் இல்லையா, அந்தக் கூரை ஓராண்டில் சரிந்தது. இந்தத் தேதிகளை அறிந்துகொண்ட நாளிலிருந்து அந்த ஆயாவின் கைகளைத் தாண்டி என் கண் எளிதில் போவதில்லை.

பெயர் திரும்பி வந்தது, அதற்கும் விலை இருந்தது. நான்காம் கார்லோஸின் ஆட்சியில் எல்லா அதிகாரமும் மானுவேல் கோதொய் என்ற அமைச்சரின் கையில் இருந்தது. அவருக்கு அரச ரத்தத்தில் ஒரு மனைவி தேவைப்பட்டபோது, மடத்தில் இருந்த மூத்த மகள் மரியா தெரேசாவின் நினைவு அரண்மனைக்கு வந்தது. 1797-ல் கல்யாணம். அவளுக்கு 17 நிறையவில்லை. அதற்குப் பிறகு, 1799-ல், போர்போன் என்ற பெயரைப் போட்டுக்கொள்ளும் உரிமை அந்த மூவருக்கும் கிடைத்தது. அதே காலத்தில் அண்ணன் லூயிஸ் மரியா செவியாவின் பேராயராகி, 1800-ல் தொலேதோவின் பேராயராகவும் கார்டினலாகவும் ஆனார். அப்பா உதறிவிட்டு வந்த அதே நாற்காலி.

படத்தின் பயணம் குடும்பத்தோடு போனது. மரியா தெரேசாவின் மகள் கார்லோத்தா, இத்தாலிய ரூஸ்போலி குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். அந்த வழியில் படம் ஃபுளோரன்ஸ் நகருக்குப் போனது. 1970களில் இசை ஆய்வாளரும் கலைச் சேகரிப்பாளருமான லூயிஜி மாஞ்ஞானி அதை வாங்கினார். பார்மா நகருக்கு அருகே மாமியானோ என்ற கிராமத்தில் அவர் வாழ்ந்த வீடே இன்று அருங்காட்சியகம். படம் அங்கேதான் இருக்கிறது. தோன் லூயிஸின் தாய் இசபெல் பார்னேஸ் பிறந்த ஊர் பார்மா. ஸ்பெயினில் அந்தக் குடும்பத்துக்கு ஒதுக்கிய மூலையிலிருந்து கிளம்பிய படம், சுற்றிச் சுற்றிப் பாட்டி ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இன்னும் ஒரே ஒரு படத்தைச் சொல்ல வேண்டும். 1800-ல் கோயா மகள் மரியா தெரேசாவை மறுபடியும் வரைந்தார். அப்போது அவருக்கு வயது 19, கார்லோத்தாவை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தார். கோயா இப்போது அரசவையின் முதல் ஓவியர், காது சுத்தமாகக் கேட்காதவர். பின்னணியில் எதுவுமே இல்லை, வெறும் இருட்டு. சுற்றி ஆட்கள் இல்லை, மெழுகுவர்த்தியும் இல்லை. வெள்ளை உடை, ஒரு நாற்காலி, தலையில் பச்சைக் கோதுமைக் கதிர்கள், விரலில் கணவரின் சின்ன உருவம் பதித்த மோதிரம். 2000-ல் ஸ்பெயின் அரசு இதை விலைக்கு வாங்கியது, பிராதோவில் பார்க்கலாம். கைகள் மடியில் கோத்திருக்கின்றன. கண்கள் ஒரு பக்கமாக, படத்துக்கு வெளியே எங்கேயோ பார்க்கின்றன. பதினாறு ஆண்டுக்கு முன்னால் கழுத்தை நீட்டித் தூரிகையை எட்டிப் பார்த்த பெண், இந்தத் தடவை ஓவியர் பக்கம் திரும்பவே இல்லை.